வில்லங்கம் எழுதியவர்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. உயிரோடு இருந்திருந்தால் இதற்காகவே என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். "பேரு போடாம எழுதுறதுக்கு எழுத்துன்னு பேரு இல்லப்பா, மொட்டக் கடுதாசி" என்பார். ஆனால் அவருடைய அக்கா பர்மாவில் இருக்கிறார். அங்கே இன்றைக்கும் ராணுவ ஆட்சிதான். அந்த அம்மாவின் அடையாள அட்டையில் தகப்பனார் பெயர் இருக்கிறது. அதே தகப்பனார்தான் இவருக்கும். ஒரு பெயரைப் பிடித்தால் இன்னொரு பெயருக்குப் போய்விடலாம் என்பதால் எந்தப் பெயரும் வேண்டாம். ஊரில் அவரைப் பர்மாக்காரர் என்பார்கள். புதுக்கோட்டையில் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை, ஆகவே நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாக் கட்சி நோட்டீஸும் அடிப்போம். எவன் பக்கமும் சாயாமல் நிற்பதுதான் என் பிழைப்பு. அதோடு மாதம் இரண்டு தடவை எட்டுப் பக்கத்தில் ஓர் உள்ளூர்ப் பத்திரிகையும் போடுகிறேன். அதில் ஏழாம் பக்கம் பன்னிரண்டு வருஷம் அவருடையதாக இருந்தது. எழுதியதெல்லாம் அரசியல் நையாண்டி. அதிலும் ஒரே பிடிவாதம். கொடுங்கோலனைப் பேசி அனுப்ப முடியாது, அடித்துத்தான் விரட்ட வேண்டும். அவன் கம்யூனிஸ்டாக இருந்தாலும் சரி, ராணுவக்காரனாக இருந்தாலும் சரி, இரண்டையும் கலந்து செய்தவனாக இருந்தாலும் சரி. ஊரே சமாதானம் சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது ஒற்றை ஆளாக உட்கார்ந்து சண்டைக்கு நியாயம் எழுதினார், அதுவும் படிப்பவன் வயிறு வலிக்கும்படி.

தொழில் பத்திரம் எழுதுவது. சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே ஒரு மேஜை, ஒரு குடை. நிலம் வாங்குகிறவன் விற்கிறவன் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். பத்திரத்துக்கு வாங்கும் பச்சைத் தாளில்தான் எனக்கும் எழுதிக்கொண்டு வருவார். வந்தால் கொடுத்துவிட்டுப் போகிற ஆளில்லை. என்னை உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டு, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என் தொப்பையைப் பார்ப்பார். முகத்தைப் பார்க்கவே மாட்டார்.

"மூஞ்சி மரியாதைக்குச் சிரிக்கும்ப்பா. வயிறுக்கு அந்த நாகரிகமெல்லாம் தெரியாது."

தொப்பை குலுங்காத வரியை அங்கேயே அடித்துவிடுவார். சில நாள் பாதிப் பக்கம் போய்விடும். மறுபடி உட்கார்ந்து எழுதுவார். எனக்கு அன்றைக்கு மனசு சரியில்லை, வீட்டில் சண்டை என்று சொன்னாலும் விட மாட்டார். மனசு சரியில்லாதவனையும் சிரிக்க வைப்பதுதான் வேலை, நல்ல மனசோடு இருப்பவனைச் சிரிக்க வைக்க நான் எதற்கு என்பார்.

எழுத்தின் கடைசியில், பத்திரத்தில் வருகிற மாதிரியே ஒரு பாரா கட்டாயம் இருக்கும். 'மேற்படி யாவும் யாருடைய தூண்டுதலும் இன்றி, நல்ல நினைவோடு, முழு மனதோடு எழுதியது.' அதன் கீழே முழுப் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், தெரு, தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்த சந்தில் மூன்றாவது வீடு என்று வழி, கைப்பேசி எண். நையாண்டி எழுதுகிறவன் ஒளிந்துகொள்ளத்தான் பார்ப்பான். இவர் வீட்டுக்கு வழி எழுதுகிறாரே என்று முதல் தடவை கேட்டேன்.

"அடிக்க வர்றவன் தெருத் தெருவா அலையக் கூடாதுல்லப்பா. பாவம், நம்ம ஊரு வெயிலு."

ஒரு தடவை நிஜமாகவே வந்தார்கள். ஒரு கட்சிக்காரர்கள் மூன்று பேர், அவர்கள் தலைவரை எழுதிவிட்டாராம், போலீசில் புகார் கொடுக்கப் போகிறோம் என்று எழுதிய தாளோடு அவருடைய மேஜைக்கே வந்து மிரட்டினார்கள். வாங்கிப் படித்தார். "என்னங்க இது, தேதி இல்ல, எந்த எடத்துல அவதூறு, எந்த வரியில அவதூறு, ஒண்ணுமே சொல்லல. இத வச்சு ஒரு நாயக்கூடப் பிடிக்க முடியாது. உக்காருங்க" என்று சொல்லி, புதுத் தாள் எடுத்து, தன் மேலேயே ஒரு புகாரை ஐந்து பாராவில் அழுத்தந்திருத்தமாக எழுதிக் கொடுத்தார். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் புகார் ஸ்டேஷனுக்குப் போகவே இல்லை. நான் பயந்துபோய்ப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குள் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அன்றைக்குத்தான் அந்த மனிதரைப் பார்த்து முதன்முதலாக மலைப்பு வந்தது. என்ன நெஞ்சுரம்!

அவர் எழுத்து எப்படி இருக்கும் என்று சொல்லாவிட்டால் இதெல்லாம் வெறும் புகழ்ச்சி. அவருடைய அப்பா ரங்கூனுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். ஒரு நாள் காலை ராணுவம் வந்து சோஷலிசம் என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டது. அதைப் பற்றி எழுதினார்:

'எங்கள் கடைக்கு மக்கள் கடை என்று பெயர் வைத்து நம்பரும் போட்டார்கள். மறுநாள் முதல் அதில் எண்ணெய் கிடையாது, அரிசி கிடையாது, சோப்பு கிடையாது. வரிசை மட்டும் தாராளமாகக் கிடைத்தது. கல்லாவில் ஒரு சிப்பாய் உட்கார்ந்தான். துப்பாக்கி வைத்திருந்தான், பாவம், பருப்பைப் பொட்டலம் மடிக்கத் தெரியவில்லை. மடித்தால் கீழே கொட்டும், கட்டினால் மேலே கொட்டும். மூன்றாம் நாள் எங்கள் அப்பா பொறுக்கமாட்டாமல் வரிசையை விட்டு உள்ளே போய், இப்படி மடி, இந்த மூலையை இப்படிச் சொருகு என்று சொல்லிக் கொடுத்தார். ஒரு தேசத்தைப் பிடித்தவனுக்குக் கால் கிலோ பருப்பைப் பிடிக்கத் தெரியவில்லை. சொந்தக் கடையில் எங்கள் அப்பா செய்த கடைசி வேலை அதுதான்.'

தொப்பை குலுங்கக் குலுங்கப் படித்துக்கொண்டே வந்தவன் கடைசி வரியில் அப்படியே நின்றுவிட்டேன். அவர் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "ம், சரியா இருக்கு. போடு" என்று எழுந்து போய்விட்டார்.

சமாதானத்தைப் பற்றி இன்னொன்று. 'பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்கிறார்கள். பேசலாம். திருடன் நம் வீட்டுக்குள் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். நாம் வாசலில் நின்று அமைதி, அமைதி என்கிறோம். அவனுக்கும் அமைதிதான் பிடிக்கும். சாப்பிடும்போது சத்தம் போட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?'

இதையெல்லாம் படித்துவிட்டு மறுநாள் காலை பத்து மணிக்கு என் கடைக்குச் சண்டைக்கு வருகிறவர் ஒருவர் உண்டு. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், சிவப்புக் கொடிக் கட்சியின் கிளைச் செயலாளர். எங்களுக்கு அவர் தோழர். பர்மாக்காரருக்கும் அவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. தோழர் அவரை 'யோவ் பத்திரம்' என்பார். இவர் 'தோழரே' என்று இழுத்து, ரொம்ப மரியாதையாகச் சொல்லி வெறுப்பேற்றுவார். டீ வரும். ஆறிப்போகும் வரை கத்துவார்கள். பர்மாவில் நடந்தது எங்கள் சோஷலிசமே இல்லை என்று தோழர் மேஜையைத் தட்டுவார். "அப்ப எங்கப்பா கடையத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க தோழரே" என்பார் இவர். இது தினப்படி நடப்பது.

உக்ரைனில் சண்டை ஆரம்பித்த வருஷம் தோழர்கள் சமாதானப் பேரணி நடத்தினார்கள். போஸ்டர் நான்தான் அடித்தேன். 'போர் வேண்டாம்!' என்று பெரிய எழுத்தில் போட்டேன். உலக சமாதானம், பேரணி, இடம், நாள் எல்லாம் அடியில் பொடி எழுத்தில் போய்விட்டன. தப்பு என்னுடையதுதான், மறைக்கவில்லை. மீந்த போஸ்டரை விராலிமலைப் பக்கம் ஒரு கிராமத்துச் சுவரிலும் ஒட்டிவிட்டார்கள். அந்தக் கிராமம் மூன்று வருஷமாகக் குடிதண்ணீருக்கு ஆழ்துளைப் போர் போடச் சொல்லி மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருந்த கிராமம். காலையில் எழுந்து பார்த்தால் வீட்டுச் சுவரெல்லாம் 'போர் வேண்டாம்!' பெண்கள் குடத்தோடு திரண்டு, பேரணிக்கு ஆள் கூப்பிடப் போன தோழரை நடுவில் நிறுத்திக்கொண்டார்கள்.

"எங்க ஊருக்குப் போரு வேண்டாம்னு சொல்ல நீ யாருய்யா?"

"ஆத்தா, இது அந்தப் போரு இல்லம்மா. இது சண்ட."

"சண்டையும் இப்ப நாங்கதான் போடப் போறோம், நில்லு அங்கிட்டே!"

சட்டைப் பொத்தான் இரண்டு போய்த்தான் தோழர் தப்பி வந்தார். கடைக்கு வந்து என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, நடந்ததை எல்லாம் சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பர்மாக்காரர் சிரிக்கவில்லை. "அந்தம்மா சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க தோழரே" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். பச்சைத் தாளை எடுத்தார். கட்டுரைதான் எழுதப் போகிறார் என்று நினைத்தேன். முதலில் எழுதியது அந்தக் கிராமத்துக்குப் போர் கேட்டு ஒரு மனு. அதைத் தோழர் கையிலேயே கொடுத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்குக் கொண்டுபோகச் சொன்னார். தோழரும் கொண்டுபோனார். போர் போட்டார்கள், தண்ணீரும் வந்தது. அதற்குப் பிறகுதான் கட்டுரை வந்தது:

'நானூறு அடிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது. மேலே நின்று அதனிடம் பேச்சுவார்த்தை நடத்தினால் வருமா? போர் போட்டுத்தான் ஆக வேண்டும். சில இடத்தில் போர் போட்டும் வெறும் புகைதான் வரும், எனக்கும் தெரியும். அதற்காகக் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தாகம் என்பது ஏகாதிபத்திய சூழ்ச்சி என்று உட்கார்ந்திருக்க முடியுமா? ஒன்று மட்டும் சொல்வேன். போர் போடப் போகிறவனைப் பிடித்துத் தள்ளாதே. தானாகப் போகிறவனைத் தடுக்காதே.'

இந்தக் கட்டுரைக்குத்தான் அவர் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. யார் என்று தெரியவில்லை. நான் போய்ப் பார்த்தேன். கண்ணாடிச் சில்லைக் கூட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஐயா, பேரு போடுங்க, வேணாங்கல. அந்தக் கதவு நம்பர மட்டுமாச்சும் எடுத்துருவோமுங்க" என்றேன்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் சொன்னார். அப்பாவின் கடையைப் பிடுங்கிய சில நாளில், பத்து வயசுப் பிள்ளையாக இருந்த இவர், பள்ளிக்கூடத்துச் சாக்பீஸால் அந்தக் கடைக் கதவில் பர்மிய எழுத்தில் ஒரு வரி எழுதிவிட்டு ஓடிவந்துவிட்டார். 'இங்கே வரிசை கிடைக்கும்.' அவ்வளவுதான். அவர் எழுதிய முதல் நையாண்டி அது. தெருவே படித்துச் சிரித்தது. மத்தியானம் சிப்பாய்கள் வந்து யார் வீட்டில் சாக்பீஸ் இருக்கிறது என்று தேடினார்கள். பக்கத்துக் கடையில் ஒரு டெய்லர் இருந்தார், பர்மியர். துணியில் கோடு போட அவர் காதில் எப்போதும் ஒரு வெள்ளைக் கட்டி இருக்கும். அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"நாங்க கப்பலேறுற வரைக்கும் அந்தாளு திரும்பல. அவருக்கு என் வயசுல ஒரு மக இருந்துச்சு. நான்தான் எழுதுனேன்னு எங்கப்பாகிட்டகூடச் சொல்லலப்பா. பயம்." "கதவு நம்பரு அந்தாளுக்காகப் போடுறது. இனிமே நான் எழுதுனதுக்கு என்னத் தவிர எவனும் போகக் கூடாது."

கல்லை எறிந்தவன் மேல் இருந்த கோபமெல்லாம் போய், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதே கட்டுரைக்காக ஒரு கூட்டத்திலும் மாட்டிக்கொண்டார். வாசகர் கூட்டம் என்று ஊரில் மாதாமாதம் நடக்கும். ஒரு கல்லூரி வாத்தியார் எழுந்து, "சண்ட சண்டன்னு உக்காந்த எடத்துல இருந்து எழுதுறீங்களே, ஒங்க வீட்டுப் பிள்ளைய அனுப்புவீங்களா?" என்று கேட்டார். கைதட்டு. நல்ல கேள்விதான். பர்மாக்காரர் எழுந்து நின்றார். இந்த ஆள் இதற்கு என்ன போடு போடப் போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"எனக்குப் பிள்ளை இல்லீங்க. இருந்திருந்தா அனுப்பியிருப்பேன்னு சொல்ல எனக்கு யோக்கியத இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து அக்காவின் பேரன் காட்டுக்குப் போனான். அக்கா பர்மாவிலேயே கல்யாணமாகித் தங்கிவிட்டவர். மகனும் மருமகளும் இல்லை, அந்த ஒரு பேரன்தான். அக்கா அவனைச் 'சின்னவன்' என்பார். செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் 'தாத்தா' என்று வருவான். தமிழ் பேசுவான், படிக்க வராது. ராணுவத்தோடு சண்டை போடக் கிளம்பிய பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்துவிட்டான். அங்கே துப்பாக்கியைத் தண்ணீர்க் குழாயில் செய்கிறார்களாம்.

சேதி வந்த அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை என் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். தோழரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், அன்றைக்கு விவாதம் இல்லை. இனி இந்த மனிதர் சண்டைக்கு நியாயம் எழுத மாட்டார் என்றே நினைத்தேன்.

கடை சாத்தும்போது சொன்னார். "அந்த வாத்தியாரு கேட்டதுக்கு இப்ப எங்கிட்டப் பதில் இருக்குப்பா. சொல்லத்தான் பிடிக்கல. போன மாசமே அவன் எங்கிட்டக் கேட்டான். போகாதடான்னுதான் வாய் வந்துச்சு. அப்ப இத்தன வருசமா ஊரான் பிள்ளைக்கா எழுதுனேன்னு தோணுச்சு. அத விழுங்கிட்டேன். பாத்துப் போடான்னேன்."

அதற்குப் பிறகும் எழுதினார். முன்னைவிட நன்றாக எழுதினார். எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. எட்டு மாதம் அந்தப் பையனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. இருக்கிறானா, இல்லையா என்று அக்காவுக்கும் தெரியாது. மாதம் இரண்டு தடவை பச்சைத் தாளோடு வந்து என் வயிற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார்.

ஏழாம் பக்கத்தைப் படம் எடுத்து நான் வாட்ஸ்அப்பில் போடுவேன். அது எங்கெங்கோ சுற்றி பர்மாவுக்கும் போயிருக்கிறது. அக்கா தெருவில் ஒரு பையனின் போனைச் சிப்பாய்கள் பிடுங்கிப் பார்த்தபோது அதில் இந்தப் பக்கம் இருந்ததாம். தமிழ் தெரிந்த ஒருவனை வைத்துப் படிக்கச் சொல்லி, கீழே இருந்த பெயரையும் தகப்பனார் பெயரையும் எழுதிக்கொண்டு போனார்களாம். அக்கா வேறு யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டார். "எழுதுறத நிறுத்தாத தம்பி. நாங்க படிக்கிறோம். பேரு மட்டும் போடாத."

அடுத்த தடவை அவர் கொண்டுவந்ததுதான் அவர் எழுதியதிலேயே சிகரம். பர்மா ஜெனரலுக்கு ஒரு பத்திர எழுத்தரின் கடிதம்.

'தாங்கள் அனுபவித்துவரும் தேசத்தைப் பார்வையிட்டேன். நான்கு எல்லையும் சரி. இது தங்களுக்குக் கிரயமாக வந்ததா, தானமாக வந்ததா, பூர்வீகமா? மூலப்பத்திரம் எங்கே? வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் வேறு வில்லங்கம் எதுவும் இல்லை, தாங்களே வில்லங்கம் என்று வருகிறது.' அடுத்த பாரா: 'மூலப்பத்திரம் இல்லாமல் அடுத்தவன் இடத்தில் இருப்பவனை வெளியேற்றக் கோர்ட்டு உண்டு. அந்தக் கோர்ட்டிலும் அவனே குடியிருந்தால் என்ன செய்வது? அப்போதுதான் பிள்ளைகள் குழாயை அறுக்கிறார்கள்.' மூன்றாவது பாரா நம் ஊருக்கு: 'தனிச்சொத்தே கூடாதென்னும்போது மூலப்பத்திரம் எதற்கு என்று உள்ளூர்த் தோழர்கள் கேட்கலாம். அவர்கள் கட்சி ஆபீஸ் மனைக்குப் பத்திரம் எழுதியவன் நான்தான். நான்கு எல்லையையும் ஒரு அடி விடாமல் அளந்து வாங்கினார்கள்.'

எனக்கு வயிறு மட்டுமா குலுங்கியது, நாற்காலியே ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிக்கு வந்தேன். தாளின் அடியில் ஒன்றும் இல்லை. முழு மனதோடு எழுதியது என்ற பாரா இல்லை, பெயர் இல்லை, வழி இல்லை.

"இது போடுறதுக்கு இல்லப்பா. ஒனக்குப் படிச்சுக் காட்டணும்னு தோணுச்சு. இதோட நிறுத்திக்கிறேன்" என்று தாளை வாங்கி மடித்தார்.

"ஐயா, ஒரு புனைபெயர் வச்சுக்குவோமே."

"புனைபெயர்னா இல்லாத ஆளு. இல்லாத ஆளத் தேடி வர்றவன் இருக்குற ஆளத்தான்ப்பா பிடிப்பான். ஒன்னயப் பிடிப்பான். ஒம் பிள்ளைகளப் பிடிப்பான்."

உள்ளதைச் சொல்கிறேன், என் பெயரைப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எல்லாக் கட்சிக்காரனும் வந்துபோகிற கடை.

தோழர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எம் பேரப் போடு."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

"ஏன்யா முழிக்கிறீங்க? ராணுவத்தானத் திட்டுறதுல எனக்கு என்ன ஆட்சேபண? எம் பேரு, எங்கப்பா பேரு, என் கதவு நம்பரு போடு. அந்த மூணாவது பாராவ மட்டும் எடுத்துரு."

"ஒரு எழுத்து எடுக்க முடியாது" என்றார் பர்மாக்காரர். "பேரும் வேண்டாம். எனக்காக ஏற்கெனவே ஒருத்தன் போயிட்டான்யா. அந்த டெய்லர் கதைய ஒனக்கும் சொல்லியிருக்கேனே."

"தெரியும். அந்த டெய்லர யாரும் கேக்கல, பிடிச்சுட்டுப் போனாங்க. நான் விசயம் தெரிஞ்சு வாரேன். ரெண்டும் ஒண்ணாய்யா? தானாப் போறவனத் தடுக்காதன்னு ஊருக்கெல்லாம் எழுதுனியே, எனக்கு மட்டும் அது கெடையாதா?"

பன்னிரண்டு வருஷத்தில் தோழரிடம் பர்மாக்காரர் தோற்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "சரி, மூணாவது பாராவும் இருந்து தொலையட்டும்" என்றார் தோழர். அளந்து வாங்கினது உண்மைதானே என்று முணுமுணுத்துக்கொண்டார்.

பர்மாக்காரர் தாளைப் பிரித்து, பேனாவை எடுத்தார். "ஒங்க கட்சியில இப்படி ஒரு ஆளு இருந்தா நான் இனிமே என்னத்தய்யா எழுதுறது?" என்றார். தோழர் பெயரையும் அவர் தகப்பனார் பெயரையும் கதவு எண்ணையும் தன் கையாலேயே எழுதினார். இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, நான் எந்த மாதிரி மனிதர்கள் நடுவில் இத்தனை நாள் டீ குடித்திருக்கிறேன் என்று உடம்பு சிலிர்த்தது.

பத்திரிகை வந்தது. ஊரே தோழரைப் பார்த்து வாயைப் பிளந்தது. கட்சியிலிருந்து விளக்கம் கேட்டார்கள். எழுதியது நான்தான், ஒரு வரியையும் திரும்பப் பெற மாட்டேன் என்று விளக்கம் கொடுத்தார். கிளைச் செயலாளர் பொறுப்பு போனது. பத்து மணி டீக்கு வருவது மட்டும் நிற்கவில்லை. அடுத்தடுத்து வந்த மூன்று கட்டுரைகளும் அவர் பெயரில்தான் வந்தன.

மூன்றாவது கட்டுரை வந்த வாரம். கடையில் மூவரும் இருந்தோம். பர்மாவிலிருந்து போன் வந்தது. பர்மாக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் நான் சத்தத்தைக் கூட்டி மேஜையில் வைத்தேன்.

"தம்பி, சௌக்கியமா? அங்கிட்டு மழ உண்டா?" அக்கா பொதுவாகத்தான் பேசினார். எந்தப் போனை எவன் கேட்பான் என்று தெரியாதல்லவா. முட்டிவலி, அரிசி விலை எல்லாம் சொன்னார். பிறகு, "ஒங்க ஊருல புதுசா ஒருத்தர் எழுதுறாராமே. நல்லா எழுதுறாரு. ஒன்ன மாதிரி வெடுக்கு வெடுக்குன்னு இல்ல, மரியாதையா எழுதுறாரு" என்றார்.

தோழர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். பர்மாக்காரர் "ம்" என்றார்.

"அந்தப் பத்திரத்துக் கதையை நேத்து வாசிச்சுக் காட்டுனேன் தம்பி. சின்னவன் சிரிச்சான்."

எட்டு மாதம். நேற்று. சிரித்தான். அவ்வளவுதான் அந்த அம்மா சொன்னது, அதற்கு மேல் சொல்ல முடியாது. தோழர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பர்மாக்காரர் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றி, போனுக்கு மேல் குனிந்தார்.

"எந்த எடத்துலக்கா சிரிச்சான்?"

"எந்த எடத்துலன்னா?"

"வில்லங்கம்னு வருதுல்ல, அங்கயா? இல்ல, மூலப்பத்திரம் எங்கன்னு கேக்குற எடமா?" கண்ணிலிருந்து தண்ணீர் மேஜைக் கண்ணாடியில் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லை. "எந்த வரியிலன்னு நீ பாக்கலயா?"

"அதப் பாக்கலயேப்பா. சிரிச்சான், அம்புட்டுத்தான் தெரியும்."

தோழர் போனுக்குக் குனிந்து, "அக்கா, கடைசியில ஒரு பேரு இருக்குல்ல, அதக் கேட்டுத்தான் சிரிச்சிருப்பான்" என்றார்.

பர்மாக்காரர் அவரைத் தள்ளிவிட்டார். "நீ சும்மா இருய்யா. அக்கா, அடுத்த தடவ வாசிக்கையில நல்லாப் பாத்து வையி. எந்த எடம்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"சரி தம்பி," என்றார் அக்கா. "அடுத்த தடவ பாத்துச் சொல்றேன்."